பாதிப் பந்தல்

துன் நகரத்தில் வீதியின் எந்தப் பக்கத்தால் ஒருவர் நடக்கிறார் என்பதை வைத்தே அவர் எங்கள் ஆளா இல்லையா என்று தூரத்திலேயே சொல்லிவிடலாம். முகம் தெரியவேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் வீதியின் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் கட்டடங்களின் நிழலும் விழுந்திருந்தால், சுவிஸ்காரர் அத்தனை பேரும் வெயில் பக்கத்தால் போவார்கள். நிழல் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மனிதர் வருவார். அவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலாகவோ சுன்னாகமாகவோ இருப்பார். நானும் அப்படித்தான் நடந்தேன். வந்து மூன்று வருடமாகியும் கால் தானாகவே நிழலுக்குப் போனது. பங்குனியில் முதல் வெயில் எறித்த அன்று இந்த ஊர்ச் சனம் வாவிக்கரை வாங்குப் பலகைகளில் வரிசையாக இருந்து, கண்ணை மூடி, நாடியை உயர்த்தி, சலூனில் சவரத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதை முதன்முதல் பார்த்தபோது, இவர்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்றுதான் நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிறகு வந்த அவமானத்தில் பாதி குறைந்திருக்கும்.

ஊரில் நான் சோடனைக்காரன். கல்யாண வீட்டுக்குப் பந்தல், மணவறை, கோயில் திருவிழாவுக்குச் சப்பறம், வாசலுக்கு வாழை, தோரணம் என்று இறங்கினேன் என்றால் மூன்றாம் நாள் அந்த வளவை வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் போட்ட பந்தலுக்குள் இருந்து எந்த மாப்பிள்ளையும் வியர்த்து வழிந்ததில்லை. வைகாசி மாதத்து உச்சி வெயிலில் முந்நூறு பேரை இருத்தி, ஒருவரும் விசிறியைத் தேடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் முதலாவது பரீட்சை. வெயில் விழும் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டால் அது வந்த விருந்தாளியை அவமதித்ததற்குச் சமம். அப்படிப்பட்டவன் எண்பத்து நான்காம் ஆண்டின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, துன் வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவத் தொடங்கினேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு அப்போது குசினி வேலைக்குத்தான் சுலபமாக அனுமதி கிடைத்தது. அந்தக் குசினி நிலத்துக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டி, ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவில் ஒரு யன்னல். அதனூடாக நடப்பவர்களின் சப்பாத்துகளும் சக்கர நாற்காலிச் சில்லுகளும் தெரியும். சப்பாத்தைப் பார்த்தே யார் போகிறார் என்று சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் "வேலை பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு வரி எழுதியதில்லை. முப்பதடிச் சப்பறம் கட்டியவன் மற்றவன் சாப்பிட்ட கோப்பையைச் சுரண்டுகிறான் என்று எந்த வாயால் எழுதுவது?

அந்த யன்னலுக்கு வெளியே ஒரு வெறும் கல்லு வளவு கிடந்தது. தெற்குப் பார்த்த வளவு. நின்று பார்த்தால் கீழே வாவி, எதிரே கூம்பு மாதிரி நீசன் மலை. ஊரில் இப்படியொரு காணி கிடைத்தால் கோயிலே கட்டியிருப்பார்கள். இல்லத்தின் நிர்வாகசபையோ அதற்குத் தார் போட்டுக் கார் நிறுத்துவதற்கு யோசித்துக்கொண்டிருந்தது. இல்லத்தின் பொறுப்பாளர் ஹெர் கெர்பருக்கு அதில் மனமில்லை. கிழவர்களும் கிழவிகளும் காற்று வாங்க ஒரு தோட்டம் வேண்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். தோட்டம் போடும் கொம்பனிக்காரர் ஒருவர் வந்து அளந்து விலை சொல்லிவிட்டுப் போனதோடு அந்தப் பேச்சு படுத்துவிட்டது. எண்பத்தேழு மாசியில் ஒரு நாள், வேலை இடைவெளியில், நான் அந்த வளவைக் காலடியால் அளந்துகொண்டிருந்தேன். பழக்கதோஷம், ஒரு வெறும் இடத்தைக் கண்டால் கால் சும்மா இருக்காது. பிறகு கைதுடைக்கும் கடதாசி ஒன்றில் பந்தலும் வாங்குகளும் பாத்திகளும் கீறிக்கொண்டிருந்தபோது பின்னால் ஹெர் கெர்பர் நின்றார்.

அவர்கள் பேசியதை இங்கே எங்கள் பேச்சிலேயே தருகிறேன். பெர்ன் ஜெர்மனைத் தமிழெழுத்தில் எழுதினால் அச்சுக் கோப்பவர் என்னைச் சபிப்பார். என்னுடைய ஜெர்மனோ அந்த நாளில் வினைச்சொல்லே இல்லாத பாஷை.

"இதை ஆர் கட்டுறது?" என்று கேட்டார்.

"நான்."

"எதாலை?"

"தடி. கயிறு. கொடி."

அவர் கடதாசியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு கிழமை கழித்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நிர்வாகசபை ஒரு கோடைகாலம் தவணை தந்திருக்கிறது என்றார். செப்டெம்பர் நடுப்பகுதியில் அவர்கள் நேரில் வருவார்கள். அன்றைக்கு அந்த வளவில் இல்லத்து முதியவர்கள் இருந்து பழகுவதைக் கண்டால் அது தோட்டமாகவே இருக்கும். வெறுமையாகக் கண்டால் அடுத்த நாளே தார். என்னுடைய குசினி நேரத்தில் பாதியை வெளியே செலவழிக்கலாம், ஆனால் அனுமதிப் பத்திரத்தில் நான் குசினி உதவியாள்தான் என்பதை மறக்கக்கூடாது என்றும் சொன்னார். நான் மறக்கவில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக நான் நிமிர்ந்து நடந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

வேலை தொடங்குமுன் ஒரு சம்பவம் நடந்தது. அதை அப்போது நான் சரியாகப் படித்திருக்கவேண்டும். இல்லத்தில் ஃப்ராவ் மோசர் என்று ஒரு அம்மா, எண்பதைத் தாண்டியவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு குசினிச் சுவரோரம், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். மத்தியான வெயில் நேரே முகத்தில் விழும். பாவம், நிழலுக்குக் கொண்டுபோய் விட ஒருவரும் இல்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து பெரிய குடையொன்றை எடுத்துவந்து அவருக்குப் பின்னால் நின்று பிடித்தேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கும் சாமிக்கும் பிடிப்பது குடை. அதற்கு மேல் ஒரு மரியாதை இல்லை. அவர் கண்ணைத் திறந்து, மேலே பார்த்து, "வெக்" என்றார். விலகு என்பது அர்த்தம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கைத்தடி என் முழங்காலில் பட்டது. பெரிய இடத்துப் பெண்மணி, வேலைக்காரன் கையால் உதவி வாங்கக் கூச்சப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டு குடையைச் சுருக்கினேன்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான் கட்டினேன். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் காட்டில் வெட்டிக் கழித்த ஊசியிலை மரத் தடிகளைத் தந்தார். ஆணி ஒன்றும் அடிக்கவில்லை. எல்லாம் சணல் கயிற்றுக் கட்டு. இல்லத்தில் திருத்த வேலை செய்யும் தச்சர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார், ஸ்குரூ வேண்டும் என்றார். ஹெர் கெர்பர் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, குறுக்குத் தடியைப் பிடித்து எம்பித் தொங்கினார். ஆள் லேசானவர் அல்ல. தடி அசையவில்லை. கட்டு ஒரு நூல் இளகவில்லை. அந்தத் தச்சர் அடுத்த நாள் தன் பிள்ளைகளையும் கூட்டிவந்து அந்த முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார். சக்கர நாற்காலி தானாக உருளாத பாதை வேண்டும் என்பதால் தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துப் பாதை போட்டேன். சப்பறத்துக்கு அடித்தளம் பார்ப்பதும் அப்படித்தான். பாத்திகளை நிலத்தில் வைக்காமல் பலகைப் பெட்டிகளில் உயர்த்தினேன். நாற்காலியில் இருப்பவரின் கை எந்த உயரத்தில் வந்து விழுகிறது என்று ஒவ்வொருவரையும் அளந்துதான் பலகை அறுத்தேன். பந்தலின் மேல் சிவப்புப் பூப் பூக்கும் கொடி அவரையை ஏற்றினேன். இந்த நாட்டு வெயிலுக்கு அது வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஜூலை முடியுமுன் தென்னோலைக் கிடுகு வேய்ந்ததைப் போல மூடிவிட்டது. உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கும். ஒரு ஊசி வெயில் இறங்காது. நடுவில் நாலு வாங்கு. ஒரு பின்னேரம் தன்னந்தனியாக அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். நான் போட்ட பந்தல்களில் இதுதான் உச்சம் என்று தோன்றியது.

ஒருவரும் வரவில்லை.

ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன். பாதையால் வருவார்கள். பாத்தியில் பூவைத் தொட்டு மணந்து பார்ப்பார்கள். பந்தல் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அழகு" என்பார்கள். பிறகு தங்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு போய் குசினிச் சுவரோரம், குப்பைத்தொட்டிகளுக்கு நடுவில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள். மீன் வெட்டிய கழிவு நாறும். இலையான் மொய்க்கும். நான் கட்டிய பந்தலைவிட அவர்களுக்கு அந்தக் குப்பை மேலானதாக இருந்தது. பாண் அளவு யன்னலுக்குள் நின்று கோப்பை கழுவிக்கொண்டே, வெளியே கதிரைக் கால்கள் கரகரவென்று பந்தலைத் தாண்டி இழுபட்டுப் போகும் சத்தத்தைக் கேட்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கறுத்தவன் கட்டியது என்பதால்தான் வருகிறார்கள் இல்லை என்று முடிவு கட்டினேன். அப்படி நினைக்க அந்த நாளில் காரணங்கள் இல்லாமலும் இல்லை. பஸ்ஸில் நான் இருந்தால் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகத்தான் வரும்.

இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்த கணேசண்ணை ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். வந்த நேரத்திலிருந்து பந்தலுக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார்.

"சொர்க்கமடாப்பா. இதுக்க ஒரு பாயும் ஒரு செம்பு தண்ணியும் தந்தா நான் இன்டர்லாக்கனுக்குத் திரும்பிப் போகன்" என்றார்.

"நீங்கள் ஒராள்தான் அண்ணை படுக்கிறியள். அங்கை பாருங்கோ, குப்பைக்குப் பக்கத்தில இருக்கினம். நான் கட்டினது எண்டதாலை வருகினமில்லை."

கணேசண்ணை எழும்பியிருந்து அவர்களை ஒரு தடவை பார்த்தார். "உனக்கு ஊர் மறந்து போச்சோ? ஆர் கட்டின பந்தலுக்குள்ள ஆர் இருக்கிறது எண்டு எங்கட சனம் பாக்காத பார்வையோ? வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லாதை" என்றார். பிறகு, "ஆனா உவையின்ரை முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை. நீ போய்க் கேளன்" என்றார்.

ஊர்ப்பேச்சு எனக்குக் குத்தியது. எங்கள் சப்பறத்தை வியந்து பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போன பெரிய மனிதர்களை நான் அறிவேன். அதனால்தான் இங்கேயும் முதல் சந்தேகம் அந்தப் பக்கம் ஓடியது போலும். ஆனால் கேட்பதற்கு எனக்கு இன்னும் நாலு நாள் எடுத்தது. நிர்வாகசபை வருவதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது. ஹெர் கெர்பர் என்னைக் காணும்போதெல்லாம் வேறு எதையோ பார்க்கத் தொடங்கியிருந்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், ஏப்பிரனைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ராவ் மோசரின் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். அவருடைய வெயிலை நான் மறைத்தேன். கைத்தடி உயர்ந்தது. தள்ளி நின்றேன்.

"என்ரை பந்தல் கூடாதோ?" என்று கேட்டேன்.

"நல்ல வடிவு."

"ஏன் அதுக்குள்ள இருக்கிறியள் இல்லை? நான் வெளிநாட்டான் எண்டோ?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. பிறகு பக்கத்துக் கதிரையைத் தடியால் தட்டி என்னை இருக்கச் சொன்னார். வெயிலில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். என் காதுக்குப் பழகும்படி மெதுவாக, ஒரே சொல்லை இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பி அவர் சொன்னார். பதினைந்து வயதில் இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே. வெளிநாட்டுச் சீமான்கள் மேலே மலை பார்க்க, இவர் கீழே அவர்களுடைய படுக்கை விரிப்புகளைத் துவைத்திருக்கிறார்.

"நிலவறை. ஒரே ஒரு யன்னல், இவ்வளவுதான்" என்று கையால் அளவு காட்டினார். ஒரு இறாத்தல் பாண் அளவு. "சப்பாத்துத்தான் தெரியும். கோடையில மத்தியானம் ஒண்டரைக்கு ஒரு துண்டு வெயில் வந்து மூண்டாவது தொட்டியில விழும். கால் மணித்தியாலம். நாங்கள் பன்ரண்டு பெட்டையள் முறை வச்சு அதுக்குள்ள போய் நிப்பம். என்ரை முறை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மழை பேஞ்சா அடுத்த வெள்ளிக்கிழமை."

அவர் கைத்தடியால் என் பந்தலைக் காட்டினார்.

"நீர் வடிவாத்தான் கட்டினனீர்" என்றார். "ஆனா எனக்கு நீர் இலையால ஒரு நிலவறை கட்டியிருக்கிறீர்."

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சின்ன வயதிலிருந்து படித்தவன் நான். வெயிலின் அருமை எங்கே தெரியும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு அது வேண்டாத விருந்தாளி, கூப்பிடாமலே வரும். அந்தக் கதிரையில் இருந்தபடி காலடியில் பார்த்தேன். அங்கே என்னுடைய யன்னல் இருந்தது. உள்ளே நான் கழுவாமல் விட்டுவந்த கோப்பைகள் தெரிந்தன. மூன்று வருடமாக நானும் அவரும் ஒரே யன்னலின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறோம். அவர் அதிலிருந்து வெளியே வந்து முப்பது வருடமாகிறது, இன்னும் வெயில் தீரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சோடனைக்காரனின் வெட்கம் வேறு மாதிரி. அது உடனே அளவுகோலைத் தேடும்.

அடுத்த நாள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, மணிக்கொரு தரம் குசினியிலிருந்து ஓடிவந்து, நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு முளை அடித்தேன். மாலையில் பார்த்தால் வளவெல்லாம் முளை. இந்த நாட்டுச் சூரியன் ஊர்ச் சூரியனைப் போல உச்சிக்கு ஏறுவதில்லை. தெற்கே சரிந்து, முதுகு வளைந்த மனிதரைப் போல நடந்து போய்விடுகிறது. நான் என் பந்தலை உச்சிச் சூரியனுக்குக் கட்டியிருக்கிறேன். இல்லாத சூரியனுக்கு நிழல் பிடித்திருக்கிறேன். அந்த முளைகளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிந்தது, தென்பாதிக் கூரையைக் கழற்றி, தெற்குப் பக்கச் செடியை அடியோடு வெட்டி, வாங்குகளை வாவியைப் பார்க்கத் திருப்பி, குப்பைத்தொட்டிகளை வடக்கு மூலைக்குத் தள்ளி, அந்த வெயில் காய்ந்த சுவரை முதியவர்களுக்கே கொடுத்துவிடவேண்டும் என்று.

கணேசண்ணை தன் ஓய்வு நாளில் உதவிக்கு வந்தார். கத்தியைக் கையில் தந்தபோது தயங்கினார்.

"காரியம் முடிய முன்னம் பந்தலில கை வைக்கிறேல்லை எண்டு நீதானே சொல்லுவாய்."

"காரியம் இனித்தான் அண்ணை."

"காய் பிடிச்சுக் கிடக்கடா."

ஓம், காய் பிடித்துத்தான் கிடந்தது. பூவும் காயுமாகக் கிடந்த கொடியை வெட்டி இழுப்பது லேசான வேலையல்ல. முதல் கயிற்றை நானே அறுத்தேன். ஊரில் என் பந்தலைப் பிரித்தவர்கள் எல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு பிரித்தவர்கள். இது பொம்பிளை வருமுன் மணவறையைக் கலைப்பதைப் போல. யன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதியவர்களில் சிலர் வெளியே வந்து, வெட்டிப் போட்ட கொடியிலிருந்து காய்களைப் பிடுங்கி மடியில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஃப்ராவ் மோசர் ஒரு கத்தரிக்கோலோடு வந்தார். அன்று இரவு குசினியில் அவரைக்காய்தான் கறி.

நிர்வாகசபை வந்த அன்று காலை மூடுபனி. வாவி தெரியவில்லை, மலை தெரியவில்லை, பத்தடிக்கு அப்பால் என் பந்தலே தெரியவில்லை. கறுத்தக் கோட்டுப் போட்ட நாலு பேர் வந்து ஈரமான வெறும் வாங்குகளைப் பார்த்தார்கள். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஹெர் கெர்பர் அவர்களைக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். நான் குசினியில் நின்று கோப்பிக் கோப்பைகளைக் கழுவினேன். முன்பு அறிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், எல்லாவற்றுக்கும் மேலாகச் சூரியனைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் வெயிலுக்காக நான் கும்பிட்டது அன்றுதான். பதினொரு மணியளவில் யன்னல் வெளிச்சமானது. சட்டென்று அல்ல, பால் காய்ந்து ஆடை விலகுவது போல மெல்ல. அதன் பிறகு சத்தம் வந்தது. கதிரைக் கால்களின் சத்தம் அல்ல. கைத்தடி. பிறகு செருப்புகள், பிறகு சில்லுகள். எனக்கு யன்னலில் தெரிந்ததெல்லாம் அவைதான்: ஃப்ராவ் மோசரின் கறுத்த நாடா வைத்த சப்பாத்து, அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நான் பெயர் சொல்லக்கூடிய எல்லாச் சப்பாத்துகளும், நேராகப் போய், வாங்குகளுக்கு முன்னால் நின்று, திரும்பி, அப்படியே இருந்துவிட்டன.

நான் ஏப்பிரனோடு மேலே ஓடினேன். சபைத் தலைவர் வந்தபோது இருப்பதற்கு ஒரு இடமும் இல்லை. அவர் வாங்குகளுக்கு முன்னால் நின்றார். அவருடைய நிழல் ஃப்ராவ் மோசரின் முகத்தில் விழுந்தது. எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று.

"வெக்" என்றார் ஃப்ராவ் மோசர். தலைவர் தள்ளி நின்றார். "உங்கடை காரை வேறை எங்கையும் கொண்டுபோய் விடுங்கோ" என்றும் சொன்னார்.

தார் வரவில்லை. அடுத்த வருடம் இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தார் வந்து பார்த்து என்னைக் கேட்டார்கள். அதற்கடுத்து லுசேர்ணில் ஒன்று. இன்றைக்கு நான் வெளிமுற்றம் அமைத்துச் சோடித்த முதியோர் இல்லங்கள் ஏழு. எங்கே போனாலும் முதல் நாள் நான் ஒன்றும் கட்டுவதில்லை. முளையும் சுத்தியலுமாக ஒரு நாள் முழுக்க நின்று வெயிலைக் கேட்பேன். பிறகு அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும், வாழ்நாளில் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்பேன். வயலில் உழைத்தவர் நிழல் கேட்பார். நிலவறையில் உழைத்தவர் வெயில் கேட்பார். என்னோடு வேலை செய்யும் படித்த தோட்டக் கலைஞர்கள் இதைப் புத்தகத்தில் படித்ததில்லை என்கிறார்கள். எப்படிப் படிப்பார்கள்? நான் பந்தலைப் பிரித்துப் படித்தது. எண்பத்தொன்பது வரைக்கும் என் பத்திரத்தில் "குசினி உதவியாள்" என்றே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று தோட்டம் போட்ட ஒரு குசினி உதவியாள்.

நிர்வாகசபை வந்துபோன அந்தக் கிழமையே ஹெர் கெர்பர் எடுத்த படமொன்றை மனைவிக்கு அனுப்பினேன். பந்தல், வாங்குகள், முதியவர்கள், ஓரத்தில் ஏப்பிரனோடு நான். முதன்முதலாக முழுக் கடதாசி எழுதினேன். கோப்பை கழுவியதையும் சேர்த்தே எழுதினேன். கடிதம் போய்ச் சேருமுன் ஊரில் சண்டை தொடங்கிவிட்டது. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, பதிலில்லை. யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. மாசியில் ஒரு நீலக் கடிதம் வந்தது, மூன்று ஊர் முத்திரை குத்தி, ஓரம் கிழிந்து. பனிக்குள் அந்தப் பந்தல் தடிக்குக் கீழே நின்று உடைத்தேன். சுகம், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று முதல் வரி. இரண்டாவது வரி: "படம் கிடைச்சது. பந்தல் நல்ல வடிவு. ஏன் பாதியில விட்டனீங்கள், கிடுகு முடிஞ்சு போச்சோ?" நான் சிரித்தேன். சிரிக்கத் தொடங்கி, பிறகு அழுதேன். ஃப்ராவ் மோசர் யன்னலைத் திறந்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அவ வரட்டும். எந்தப் பாதியில இருக்கிறா எண்டு பாப்பம்" என்றார்.

எண்பத்தொன்பது செப்டெம்பரில் அவள் வந்தாள். வந்த மூன்றாம் நாள் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவரை பூத்திருந்தது. ஃப்ராவ் மோசர் வெயில் பக்கத்து நுனியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கூரை நிழலின் விளிம்பு அந்த வாங்கின் நடுவால் போயிற்று. அதே வாங்கின் நிழல் நுனியில் என் மனைவி, ஒரு விநாடி யோசியாமல், போய் இருந்தாள். "அந்த மனிசி ஏன் வெயிலுக்க இருந்து காயுது? கறுத்துப் போகுமெல்லே" என்றாள். ஐந்து நிமிடம் போனது. புரட்டாதி நிழல் இந்த நாட்டில் கிணற்றுக்குள் இருப்பதைப் போலக் குளிரும். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். கொஞ்சம் நகர்ந்தாள். வாவியைப் பார்ப்பவளைப் போல இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். வெயில் கோடு வந்ததும் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே போட்டு முக்காடிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் வெயிலுக்குள் நீட்டினாள். ஃப்ராவ் மோசர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, தன் கைத்தடியை எடுத்து மறுபக்கம் வைத்து அவளுக்கு இடம் விட்டார். அவள் அதற்கு மேல் நகரவில்லை. தலையை நிழலில் வைத்துக்கொண்டு, கால் விரல்களை வெயிலில் மெல்ல மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். கிடுகைப் பற்றி அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.